கட்டிக்கு முன்னால் நீருக்கு ஒரு ஆபரேஷனா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்பாள், ஒரு தடவை வாந்தி எடுப்பாள், பிறகு விளையாடப் போய்விடுவாள். கேஸ் என்றார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், கண்ணாடி போட்டோம். போன வாரம் நடை தள்ளாடியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் சிறுமூளைக்கு நடுவில், நாலாவது அறைக்குள் 4 செ.மீ. கட்டி, அதனால் நீர் அடைத்து மூளை அறைகள் மிதமாக வீங்கியிருக்கின்றன, மூளையில் வேறெங்கும் பரவல் தெரியவில்லை என்று ரிப்போர்ட். கண் டாக்டர் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். முதல் ஆஸ்பத்திரியில், முதலில் ஷன்ட் (மூளை நீரை உடம்புக்குள் வேறிடத்துக்கு வடிக்கும் குழாய்) வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்துக் கட்டியை எடுக்கலாம் என்கிறார்கள். இரண்டாவது இடத்தில், ஷன்ட் வேண்டாம், டெக்சா என்ற வீக்கம் குறைக்கும் மருந்தைக் கொடுத்து வியாழக்கிழமை நேராகக் கட்டியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர், எண்டோஸ்கோப்பில் துளை போட்டாலே போதுமாமே என்கிறார். என் அம்மா குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிட்டார், தலைக்கு ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். யார் பேச்சைக் கேட்பது? கட்டியை எடுத்தபின் நீர் திரும்பச் சேருமா? இரண்டு மாதத்தைக் கோட்டைவிட்டதால் எல்லாம் கெட்டுப்போய்விட்டதா?

- ஒரு தந்தை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படிக்கலாம். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, எழுப்பினால் கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி சொக்கிப்போனாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, கழுத்தைப் பின்னால் வளைத்து உடம்பு விறைத்தாலோ, மூச்சு சீர்கெட்டாலோ வியாழக்கிழமை வரை பொறுக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். "மூளையில் கட்டி, நீர் அடைப்பு, குழந்தை மயங்குகிறது" என்று இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் இரவிலும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வேறு இடத்துக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்பப்படும் நேரத்தில் குழந்தையின் நிலை வெகுவாக மாறிவிடும். வழியில் தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும், கழுத்து மடங்க வேண்டாம். வாந்தியும் மயக்கமும் சேர்ந்து இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம். நீங்கள் இரண்டு நோயை எதிர்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் தெளிவு கிடைக்கும். ஒன்று கட்டி. இன்னொன்று கட்டி உண்டாக்கிய நீர் அடைப்பு. கட்டி என்ன வகை, என்ன சிகிச்சை என்பதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கப்போகும் விஷயம். நீர் அடைப்பு மணிக்கணக்கில் ஆபத்தாக மாறக்கூடியது. உங்கள் ஊர்ப் பெரிய டாக்டர்கள் இருவரும் சண்டை போடுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய்ப் பின்னல் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து ஓயாமல் சுரக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர், குழந்தைகளுக்கு இதைவிடக் குறைவு. பெரியவர் தலையிலும் முதுகெலும்புக்குள்ளும் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்த நீரோ 150 மி.லி. அளவுதான். அப்படியென்றால் நாளுக்கு மூன்று தடவைக்கு மேல் பழைய நீர் வடிந்து புது நீர் நிறைகிறது. மேலே உள்ள இரண்டு பெரிய அறைகளிலிருந்து நடு அறைக்கும், அங்கிருந்து நூல் போன்ற ஒரு குறுகிய வழியாக நாலாவது அறைக்கும் இறங்கி, சிறுமூளைக்குக் கீழே வெளியேறி, மூளையின் மேற்பரப்புக்குப் போய் ரத்தத்தோடு கலந்துவிடும். உங்கள் மகளின் கட்டி உட்கார்ந்திருப்பது அந்தக் கடைசி அறையில். ஏரிக்கு வரத்து நிற்கவில்லை, மதகின் வாயில் ஒரு பாறை. நீர் மேலேதான் ஏறும். கைக்குழந்தையாக இருந்தால் உச்சிக்குழி புடைத்து, மண்டை பெரிதாகிக் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஆறு வயதில் மண்டை ஓடு மூடிக்கொண்டுவிட்டது, விரிய இடமில்லை, அழுத்தம் நேராக மூளை மேல் விழுகிறது.

காலையில் மட்டும் ஏன் வலித்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான். படுத்திருக்கும்போது தலையிலிருந்து ரத்தம் வடிவது குறைகிறது. தூக்கத்தில் மூச்சு மெலிவதால் ரத்தத்தில் கரியமில வாயு கூடி மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் மண்டைக்குள் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. எழுந்து நடமாடினால் தணிகிறது. வாந்தி எடுத்தவுடன் குழந்தை விளையாடப் போய்விடுவதால், வயிற்றுக் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த நீர் நாம் குடிக்கும் தண்ணீரின் அளவைப் பார்த்துச் சுரப்பதில்லை, தலைக்கு ஊற்றும் தண்ணீரும் உள்ளே போவதில்லை. குழந்தைக்குத் தாகம் எடுத்தால் கொடுக்கட்டும். வாந்தி எடுக்கும் குழந்தைக்குத் தண்ணீரையும் குறைத்தால் உடல் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். அறுவைக்கு முன் வரக்கூடாத நிலை அது. இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. வாந்தி என்று போனால் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுவார்கள். அது ரத்தத்தின் உப்பு அளவைக் குறைத்து மூளை வீக்கத்தைக் கூட்டும். இந்தக் குழந்தைகளுக்கு டிரிப் தேவைப்பட்டால் நார்மல் சலைன் போன்ற உப்பு நீர்தான். பக்கத்துக் கிளினிக்கில் டிரிப் போட நேர்ந்தால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

முதல் ஆஸ்பத்திரி சொன்ன "முதலில் ஷன்ட்" என்பது புதிதாகக் கிளப்பியது இல்லை. அதற்கு நம் ஊரிலேயே பெரிய வரலாறு இருக்கிறது. 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கிய ஜேக்கப் சாண்டியும், அவருடன் பணியாற்றிய ஜேக்கப் ஆபிரகாமும் 1963-இல் எழுதிய சிறு கட்டுரையே, பின்மூளைக் கட்டிக்கு ஷன்ட் வைப்பது பற்றிப் பேசும்போது உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அன்று நீரை இதயத்துக்குள் வடியவிட்டார்கள், இன்று பெரும்பாலும் வயிற்றுக்குள். ஸ்கேன் இல்லாத காலம். குழந்தைகள் பார்வை போய், நினைவு தப்பி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அந்த நிலையில் சிறுமூளையைத் திறந்தால் பல குழந்தைகள் மேசையிலேயே போய்விடும். முதலில் நீரை வடித்து, சாப்பிட வைத்து, தேற்றிவிட்டுக் கட்டிக்குப் போனபோது உயிர்கள் பிழைத்தன. அன்றைக்கு அது சரியான முடிவு.

ஆனால் பிறகு தெரியவந்த ஒரு விஷயம் கணக்கை மாற்றியது. கட்டியை எடுத்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு நீரோட்டம் தானாகத் திறந்துகொள்கிறது. அறுவைக்குப் பிறகும் நிரந்தரமாக நீரை வடிக்க வழி தேவைப்படுவது, ஒவ்வொரு மையத்தின் கணக்கும் வேறுபட்டாலும், 10 முதல் 40 சதவீதக் குழந்தைகளுக்குத்தான். எல்லோருக்கும் முன்கூட்டியே ஷன்ட் வைத்தால் மீதிப் பேர் தேவையில்லாத ஒரு குழாயை ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள். ஷன்ட் என்பது வைத்துவிட்டு மறந்துவிடும் பொருள் கிடையாது. குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்டில் மூன்றில் ஒன்று முதல் ஆண்டுக்குள்ளேயே அடைத்தோ பழுதாகியோ மறு அறுவைக்கு வருகிறது, கிருமி தொற்றுவதும் உண்டு. பிறகு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு தலைவலிக்கும் "ஷன்ட்டாக இருக்குமோ" என்று அம்மா அப்பா பதறுவதை நான் தினமும் பார்க்கிறேன். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கட்டி கீழே அழுத்திக்கொண்டிருக்கும்போது மேலே உள்ள நீரை மளமளவென்று வடித்தால், சிறுமூளை மேல்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டை நெரிக்கலாம், கட்டிக்குள் ரத்தம் கசியலாம். அபூர்வம்தான், நடந்தால் மோசம்.

அதனால் விழிப்போடு இருக்கும் குழந்தைக்கு, உங்கள் மகள் போன்றவளுக்கு, நானாக இருந்தால் இரண்டாவது இடம் சொன்ன வழியில்தான் போவேன்: டெக்சாமெதசோன் தொடங்கி, கண்காணிப்பில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் கட்டியை எடுப்பது. டெக்சாவின் வேலை நீர் சுரப்பதைக் குறைப்பது அல்ல. கட்டியைச் சுற்றியுள்ள மூளையின் வீக்கத்தை வடியச் செய்து கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. ஒரு நாளிலேயே தலைவலி குறைந்து குழந்தை சாப்பிடக் கேட்கும். இங்கேதான் பெற்றோர் சறுக்குகிறார்கள். நன்றாக இருக்கிறாளே, ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா, வேறு வைத்தியம் பார்க்கலாமா என்று தோன்றும். கட்டி அப்படியே இருக்கிறது, அடைப்பும் இருக்கிறது, மருந்து வாங்கித் தந்தது சில நாள் அவகாசம் மட்டுமே. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் கூடுதலாக வாங்கிக் கொடுக்கவும் கூடாது. பசி அதிகமாகும், கோபம் வரும், தூக்கம் கெடும், சர்க்கரை ஏறலாம். வயிற்றைக் காக்க ஒரு மருந்தும் கூடவே தருவார்கள். நீர் சுரப்பைக் குறைக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையைச் சிலர் எழுதுகிறார்கள். கட்டியால் வந்த அடைப்புக்கு அதை நம்பி நாளைக் கடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வியாழக்கிழமைக்கு முன் நிலை மோசமானால் மானிட்டால் அல்லது 3 சதவீத உப்பு நீரை ரத்தக்குழாயில் ஏற்றி அழுத்தத்தைத் தற்காலிகமாக இறக்குவார்கள். அது தியேட்டருக்குப் போய்ச் சேரும் வரைக்குமான கை கொடுப்பு. அங்கே தலையில் சிறு துளையிட்டு மெல்லிய குழாயை மூளை அறைக்குள் செலுத்தி நீரை வெளியே ஒரு பைக்கு வடிப்பார்கள். இ.வி.டி. என்பார்கள். சில குழுக்கள் கட்டியை எடுக்கும் அன்றே, தலையைத் திறப்பதற்கு முன் இதை வைத்துக்கொள்வதும் உண்டு. ஐ.சி.யூ.வில் அந்தக் குழாயைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடியும் அளவைத் தீர்மானிப்பது உயரம். குழந்தையின் காதுத் துளை மட்டத்தை வைத்து, அதிலிருந்து பொதுவாக 10-15 செ.மீ. மேலே அளந்து, பையோடு சேர்ந்த, நீர் சொட்டும் குடுவையைத் தொங்கவிடுகிறார்கள். குழந்தை உட்காரக் கேட்கிறாள் என்று நீங்கள் கட்டில் தலைப்பக்கத்தை உயர்த்தினால், நீர் தேவைக்கு மேல் கொட்டிவிடும். தூக்குவதானாலும் திருப்புவதானாலும் முதலில் நர்ஸைக் கூப்பிட்டுக் குழாயை மூடச் சொல்லுங்கள். நாள் ஏற ஏறக் கிருமி ஆபத்தும் ஏறும் என்பதால் இ.வி.டி. வைத்தபின் கட்டி அறுவையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

உங்கள் சொந்தக்காரர் சொன்ன எண்டோஸ்கோப் துளையும் உண்மையான சிகிச்சைதான். நடு அறையின் அடித்தளத்தில் துளையிட்டு, அடைபட்ட வழியைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியேற மாற்றுப் பாதை போடுகிறார்கள். ஈ.டி.வி. என்பது அதன் சுருக்கப் பெயர். உடம்புக்குள் குழாய் எதுவும் தங்குவதில்லை. 2001-இல் பாரிஸ் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து கிறிஸ்டியன் சான்-ரோஸ் குழு வெளியிட்ட கணக்கில், கட்டிக்கு முன்பே இப்படித் துளை போட்ட குழந்தைகளில் 6 சதவீதத்தினருக்கே பின்னால் நீர்ப் பிரச்சினை தங்கியது. போடாதவர்களில் கிட்டத்தட்ட 27 சதவீதம். கேட்டவுடன், பிறகென்ன எல்லோருக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் படியுங்கள்: துளையே போடாதவர்களில் 100-க்கு 73 பேர் எதுவும் இல்லாமலே தப்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மூளை அறுவை எதற்கு?

அதனால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே மதிப்பிடப் பார்க்கிறோம். 2009-இல் கனடாவில் ரிவா-கேம்பிரின் குழு உருவாக்கிய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் 3, மூளையில் பரவல் இருந்தால் 3, அறைகளின் வீக்கம் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தால் 2, பார்வை நரம்பு வீக்கத்துக்கு 1, படத்தைப் பார்த்தால் மெடுல்லோபிளாஸ்டோமா, எபெண்டிமோமா போன்ற சில வகைகளாகத் தெரிந்தால் 1. மொத்தம் 10. ஐந்தோ அதற்கு மேலோ போனால், பிற்பாடு நிரந்தர வடிகால் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதை வைத்துக் கூட்டினால் உங்கள் மகளுக்கு 3 அல்லது 4 வருகிறது. இது கடிதத்தை வைத்துப் போட்ட கணக்கு, படத்தைக் கையில் வைத்திருக்கும் டாக்டர் போடுவதுதான் கணக்கு. அவரிடம் நேராகவே கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்.

கட்டி வேறு இடத்தில் இருந்திருந்தால் என் பதிலும் வேறாக இருந்திருக்கும். மூளையின் நடுவே பீனியல் பகுதியில் இருந்தால், ஒரே எண்டோஸ்கோப் அறுவையில் நீருக்கு வழியும் போட்டு, பயாப்ஸிக்கும் துணுக்கு எடுத்துக்கொள்ளலாம். சில கட்டிகளுக்கு அதன்பின் பெரிய அறுவையே தேவைப்படாது. அங்கே ஈ.டி.வி. முதல் தேர்வு.

முதலில் ஷன்ட் என்பதும் சில நேரம் நியாயம்தான். குழந்தைக்கு நிமோனியா, மிகவும் மெலிந்திருக்கிறது, கட்டி அறுவைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இ.வி.டி.யை இரவு பகல் பார்த்துக்கொள்ள ஐ.சி.யூ. ஆட்கள் இல்லை என்றால் நானும் ஷன்ட் வைப்பேன். எனவே முதல் ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஷன்ட் நல்லதா கெட்டதா என்பதல்ல. "அந்தப் பத்து நாள் எதற்கு?" என்பதுதான். குழந்தையின் உடல்நிலை காரணம் என்றால் அது வேறு. தியேட்டர் கிடைக்கவில்லை என்பது காரணமானால், மூன்று நாளில் எடுக்கக்கூடிய இடம் கையில் இருக்கும்போது ஷன்ட்டுக்கு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு இடத்திலும், குழந்தைகளின் சிறுமூளைக் கட்டியை எவ்வளவு அடிக்கடி எடுக்கிறீர்கள், குழந்தைகளுக்கென்று மயக்க மருத்துவரும் ஐ.சி.யூ.வும் உண்டா என்று கேளுங்கள். நீரை எந்த முறையில் வடிப்பது என்பதைவிட எனக்கு இந்தப் பதில்தான் முக்கியம். ஒருவேளை ஷன்ட் வைக்க நேர்ந்தால், உத்தரப் பிரதேசத்தில் தயாராகும் சாப்ரா ஷன்ட்டைப் போட்டார்களே, விலை குறைந்ததாயிற்றே என்று மனம் ஒடியாதீர்கள். உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் அதையும் பல மடங்கு விலையுள்ள வெளிநாட்டு ஷன்ட்டையும் குழந்தைகளுக்கு வைத்து ஒப்பிட்டு 2005-இல் எழுதினார். ஓர் ஆண்டில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்தன.

அறுவைக்கு முன் முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா என்று பாருங்கள். பரவலை அங்கேயும் தேட வேண்டும், அறுவைக்குப் பிறகு எடுத்தால் ரத்தக் கசிவு படத்தைக் குழப்பும். ஆனால் அதற்காக ஸ்கேன் சென்டரில் தூக்க சிரப் கொடுத்துப் படுக்க வைக்க அனுமதிக்காதீர்கள். தூக்க மருந்தில் மூச்சு மெலிந்தால் அழுத்தம் ஏறும் என்று மேலே சொன்னேனே, அதே ஆபத்து இங்கும் உண்டு. மயக்க மருத்துவர் கூட இருக்க வேண்டும். அதேபோல், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று யாராவது சொன்னால், அடைப்பு இருக்கும் நிலையில் அது கூடாது. கீழே நீரை எடுத்தால் மேலேயுள்ள அழுத்தம் மூளையைக் கழுத்துப் பக்கமாக இறக்கிவிடும்.

நீர் திரும்பச் சேருமா என்றால், சேரலாம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தெரிந்துவிடும். இ.வி.டி. இருந்தால் அதைப் படிப்படியாக உயர்த்தி, கடைசியில் மூடிவைத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் எடுத்துவிடுவார்கள். தாங்காவிட்டால் அப்போது ஈ.டி.வி.யோ ஷன்ட்டோ வைக்கலாம், அது தேவை அறிந்து வைப்பது. வீட்டுக்கு வந்தபின் பிடரியில் தையலுக்குக் கீழே பந்துபோல் வீங்கினாலோ, தையல் வழியாக நீர் கசிந்து தலையணை நனைந்தாலோ, பழைய காலைத் தலைவலி திரும்பினாலோ, மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். கண் டாக்டரை மறுபடி பார்ப்பதை மறக்க வேண்டாம். நரம்பு வீக்கம் வடிகிறதா என்பது, நீர் சரியாகப் போகிறதா என்பதற்கும் ஒரு சாட்சி.

அந்த இரண்டு மாதத்தைப் பற்றி. பிரிட்டனில்கூட, குழந்தைகளின் மூளைக் கட்டி கண்டுபிடிக்கப்பட முதல் அறிகுறியிலிருந்து நடுமதிப்பாக 14 வாரம் ஆகிக்கொண்டிருந்தது. 2011-இல் ஹெட்ஸ்மார்ட் என்ற விழிப்புணர்வு இயக்கம் தொடங்கி, டாக்டர்களுக்கும் பெற்றோருக்கும் அறிகுறிகளைச் சொல்லிச் சொல்லித்தான் அதை 7 வாரத்துக்குள் கொண்டுவந்தார்கள். நீங்கள் எட்டு வாரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், குழந்தை நினைவோடு இருக்கிறாள், நடக்கிறாள். நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கட்டியின் வகையும், எவ்வளவு எடுக்க முடிகிறது என்பதும்தான். பார்வையை மட்டும் நான் தனியாகச் சொல்வேன். நரம்பு வீக்கம் நீண்டால் பார்வை திரும்பாமல் போகலாம். இனி தாமதிக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் நிற்பது அதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, மூளைக் கட்டி அறுவையும் அதில் அடங்கும். அட்டை கையில் இல்லாவிட்டால் குடும்ப அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலேயே உள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில் நாளைக்கே பேசிவிடுங்கள். போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. சி.டி.யையும் கண் டாக்டர் சீட்டையும் டெக்சா எப்போது தொடங்கினார்கள், எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று குறித்த தாளையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். ராத்திரியில் திடீரென்று கிளம்ப நேர்ந்தாலும் அந்தப் பை உங்கள் கூடவே வரட்டும்.